பிள்ளை பெற்றவளுக்குச் சுறா

அச்சில் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நான் இதை எழுதிய காகிதத்தைப் பார்த்தால் சிரிப்பீர்கள். கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுதச் சொன்னது எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாதான். "அண்ணாச்சி, மரத்துப்போன வெரலுக்கு எழுதுறத விட நல்ல பயிற்சி கெடையாது. தெனமும் எழுதுங்க, என்னத்தையாவது எழுதுங்க" என்றார். என்னத்தையாவது எழுத நான் என்ன கணக்கப்பிள்ளையா? எழுதுவதென்றால் இந்த ஒன்றைத்தான் எழுத வேண்டும். பிள்ளை உண்டான பெண்ணோ பிள்ளை பெற்ற பெண்ணோ இருக்கிற வீடுகளில் யாராவது படித்தால் போதும்.

என் பெயர் சூசை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுக்கிறவன். சுறாவும் திருக்கையும்தான் என் சரக்கு. விசைப்படகு கரைக்கு வந்து மீனைக் கொட்டியதும் நாலு பேர் கத்தினால் அதில் என் சத்தம்தான் மேலே கேட்கும். வீட்டில் நான் ரகசியம் பேசினால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் "என்ன சூசை, என்னையா கூப்ட்ட?" என்பார். அப்படிப்பட்ட தொண்டை.

முதலில் என்னை ஏமாற்றியது சட்டைப் பொத்தான். ஒரு காலையில் பொத்தானைப் போடப் போகிறேன், விரல் அதன் மேல் இருக்கிறது, ஆனால் பொத்தான் அங்கே இருப்பது தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துப் போட வேண்டியதாயிற்று. தூக்கத்தில் கை அமுங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு உதட்டைச் சுற்றி மரத்தது. டீக்கடையில் டீ வாயோரமாக வழிந்து சட்டையில் கொட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. நடந்தால் கால் அகலம் அகலமாகப் போனது. ஏலத்தில் விலை கேட்கப் போனால் நாக்கு இழுத்தது. அது ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் வேறு. சிலுவைப்பாடு நடக்கிற நாளில் நான் தள்ளாடித் தள்ளாடிப் போவதைப் பார்த்துவிட்டு, "சூசைக்கு வந்த கேட்டப் பாரு, தபசுகாலத்துலயும் தண்ணியப் போட்டுட்டு வாரான்" என்று கூட்டாளிகளே பேசிக்கொண்டார்கள். குடிக்காமலே குடிகாரன் பட்டம் வாங்கினவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்த நேரத்தில் எங்கள் வீட்டில் பெரிய சந்தோஷம் நடந்துகொண்டிருந்தது. என் தங்கச்சி லூர்து பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். எங்கள் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பாவாடை கட்டின பிள்ளை. நான் வளர்த்தேன், படிக்க வைத்தேன், கீழவைப்பாரில் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை மைக்கேல் குவைத்தில் வெல்டர். ஏழாம் மாதம் முடிந்ததும் நானே போய் அவளை வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்குத் தாய்வீடு என்றால் அது நான்தான். எனக்கும் என் மனைவி ஸ்டெல்லாவுக்கும் பிள்ளை இல்லை. அதனால் பிறக்கப் போகிற பிள்ளை மேல் எனக்கிருந்த ஆசையைச் சொல்லி முடியாது.

எங்கள் கடற்கரையில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறா போடுவார்கள். பால் சுறா என்று ஒன்று உண்டு, முழங்கை நீளம் இருக்கும். அதை அவித்துத் தோலை உரித்து, மஞ்சள் போட்டு உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் நிறையச் சேர்த்து வதக்கினால் சுறாப்புட்டு. தின்றால் தாய்க்குப் பால் ஊறும் என்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு கொஞ்ச நாள் கொடுப்பார்கள், அவ்வளவுதான் வழக்கம்.

எனக்கு அது போதவில்லை. சுறா வியாபாரியின் தங்கச்சிக்கு முழங்கை நீளச் சுறாவா? துறைமுகம் முழுக்க என்ன பேசும்? லூர்து வயிற்றுப் பிள்ளையோடு வந்து இறங்கிய நாளிலிருந்தே ஆரம்பித்துவிட்டேன். ஏலத்தில் வருகிறதிலேயே பெரியது, ஆள் உயரச் சுறா, அதில் வயிற்றுச் சதை, அதைத் தனியாக அறுத்து வாங்கி இலையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டு வருவேன்.

"இந்தாங்க, சின்னதே போதும். அதுவும் பிள்ள பொறந்த பெறவு குடுப்போம்" என்றாள் ஸ்டெல்லா.

"ஒனக்கு என்ன தெரியும்? சின்னச் சுறாவுலயே பால் ஊறும்னா பெரிய சுறாவுல எவ்ளோ ஊறும்? கணக்குப் போட்டுப் பாரு" என்றேன். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினேன்.

லூர்து குசினி வாசலில் நின்று மூக்கைச் சுருக்குவாள். "அண்ணே, இன்னைக்கும் சுறாவா? வாசமே கொமட்டுது."

"மூக்கப் பொத்திட்டு முழுங்குளா. பிள்ளைக்குப் பால் வேணுமா வேண்டாமா?"

மூக்கைப் பொத்திக்கொண்டு முழுங்குவாள். நான் சொல்லி அவள் ஒன்றையும் செய்யாமல் இருந்ததில்லை. அவளுக்குப் போக மிச்சமெல்லாம் எனக்கு. ஸ்டெல்லாவுக்கு முதலிலிருந்தே சுறா ஆகாது. வருஷக்கணக்காகச் சுறாவும் சுறாக் கருவாடும் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. தபசுகாலத்தில் இறைச்சி கிடையாது, ஆகையால் மூன்று வேளையும் அதேதான். நல்லபடியாகப் பெண் பிள்ளை பிறந்தது. ஆக்னஸ் என்று பெயர் முடிவு செய்தோம். லூர்துக்குப் பாலும் நன்றாகவே சுரந்தது. "பாத்தியா, அண்ணன் போட்ட சுறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் மார்தட்டிக்கொண்டேன்.

அதற்குள் என் பாடு முற்றிவிட்டது. மீன் தளத்தில் நடந்து வரும்போது பக்கவாட்டில் வந்த சைக்கிளை நான் பார்க்கவே இல்லை. மோதி விழுந்தேன். நேரே இருப்பது தெரிகிறது, ஓரத்தில் இருப்பது தெரியவில்லை. அன்றுதான் ஸ்டெல்லா என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

முதலில் போன இடத்தில் சர்க்கரை என்றார்கள். ரத்தம் பார்த்தால் சர்க்கரை இல்லை. இரண்டாவது இடத்தில் கழுத்து எலும்பு என்று கழுத்துக்கு ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள். அதை மாட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போனேன், "யாருலே இது, கோயில் சுரூபம் எறங்கி வருது?" என்று ஒருவன் கேலி பேசினான். கடைசியில் அரசு மருத்துவமனையில் நரம்பு வைத்தியப் பிரிவில் சேர்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் காத்திருப்பது ஒரு தனி நோய். சுவரோரம் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலையும் ஒன்றாக நிமிரும், வேறு யார் பெயரையோ கூப்பிட்டதும் ஒன்றாகக் குனியும். கத்தி வேலையை முடித்தே பழகியவன் நான். அங்கே கத்தினால், "அண்ணாச்சி, பேசாம இரிங்க" என்று நர்ஸம்மா ஒரு பார்வை பார்ப்பார். அடங்கிவிடுவேன்.

சோதனைகள் நடந்தன. கையிலும் காலிலும் வயரை ஒட்டி லேசாகக் கரண்ட் விட்டு, நரம்பு வழியாக அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். சுருக் சுருக்கென்று இழுக்கும். ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். உள்ளே தகரத்தைப் போட்டு அடிக்கிற சத்தம். மாதாவே மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். டாக்டர் தன் விரலை நீட்டி, அதைத் தொட்டுவிட்டு என் மூக்கைத் தொடச் சொன்னார். நான் கன்னத்தைத் தொட்டேன். ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னார். சுவரைப் பிடித்தேன். எதனால் என்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. எனக்குச் சாவு பயம் வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஒரு நாள் ஸ்டெல்லா வீட்டிலிருந்து துவைத்துக் கொண்டு வந்த சட்டையைப் போட்டேன். பொத்தான் எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆனால் அமுக்கினால் டக்கென்று பிடித்துக்கொள்கிறது. எல்லாச் சட்டையிலும் உள்பக்கம் பிரஸ் பட்டன் தைத்து, பழைய பொத்தானை வெளியே அழகுக்கு விட்டிருந்தாள். அவளை அன்று காலையில்தான் "கஞ்சியா இது, சுண்ணாம்புத் தண்ணி" என்று ஏசியிருந்தேன்.

வார்டுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயது, ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பிள்ளை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அண்ணாச்சி, காலைல எழுந்ததுல இருந்து படுக்குற வரைக்கும் என்ன செய்விய, என்ன சாப்பிடுவிய, எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார்.

நான் வாய் திறக்கும் முன்னே ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். "இவுகளுக்கு என்னம்மா சாப்பாடு? சுறா, சுறாக் கருவாடு, திருக்கை. காலைலயும் அதான், ராத்திரியும் அதான். வருசம் பூராவும் அதான்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "எவ்ளோ பெரிய சுறா?" என்று கேட்டார். நான் பெருமையாகக் கையை விரித்துக் காட்டினேன்.

ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். அந்தச் சோதனைக்குக் காப்பீட்டு அட்டை செல்லாது என்றார்கள். எனக்குக் குடிகாரன் பட்டம் கட்டினார்களே, அதே கூட்டாளிகள்தான் தங்களுக்குள் பணம் பிரித்துக் கட்டிவிட்டு, ஆரஞ்சுப் பழத்தோடு வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். "சவத்த விடுங்கலே" என்றேன்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா கையில் காகிதத்தோடு வந்து, "பாதரசம், அண்ணாச்சி" என்றார்.

"பாதரசமா? காய்ச்சல் பாக்குற கண்ணாடிக் குழாய்ல உருளுமே, அதுவா?"

"அது முழுங்கினாக்கூட ஒட்டாம வெளிய போயிரும். இது வேற மாதிரி. நிலக்கரி எரியிற புகையில, ஆலைக் கழிவுத் தண்ணியில, நாம தூக்கிப் போடுற குப்பையிலன்னு கொஞ்சம் கொஞ்சமா கெளம்பி பாதரசம் கடலுக்கு வந்து சேருது. அங்கன அடிச் சேத்துல படிஞ்சிரும். கூடவே ஈயம், காட்மியம்னு மத்த கனத்த உலோகமும் படியும்."

"படிஞ்சா படியட்டும். சேத்த யாரு திங்கா?"

"நீங்கதான்" என்றார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் பொறுமையாகச் சொன்னார். "சேத்துல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கு. அது பாதரசத்த உருமாத்துது. மெத்தில் பாதரசம்னு பேரு. அது சதையில ஒட்டுனா லேசுல எறங்காது. சேத்துப் புழு அதத் திங்குது. புழுவ நண்டும் றாலும் திங்குது. அத மீன் திங்குது, அந்த மீன பெரிய சீலா மீன் திங்குது, அம்புட்டையும் சுறா திங்குது. ஒவ்வொரு படியிலயும் கூடிக்கிட்டே போகும். சுறா ரொம்ப வருசம் உயிரோட இருக்குற சாதி. அதனால அது பெருசாகப் பெருசாக பாதரசமும் கூடும். சாளை, நெத்திலி மாதிரி சின்ன மீனுல பயமில்ல. பெரிய சுறாதான் ஆகாது."

அந்தச் சேறு எனக்குத் தெரியாததா? இழுவை மடி வலையைப் படகில் ஏற்றும்போது மீனோடு சேர்ந்து வரும், கறுகறுவென்று, அழுகின முட்டை வாசத்தோடு. பைப்பைப் பிடித்துக் கழுவித் துறைமுகத் தண்ணீருக்குள்ளேயே திரும்பத் தள்ளிவிடுவார்கள். மீனைக் கழுவியாயிற்று, சேறு போயிற்று என்று நினைத்தே இத்தனை காலம் வியாபாரம் பண்ணினேன். எந்தப் புகைபோக்கி, எந்தக் குழாய் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அத நான் சொல்ல முடியாது அண்ணாச்சி, ஒரு எடத்துல இருந்து மட்டும் வாரதில்ல" என்றார். யாரையாவது கை காட்டியிருந்தால் அவனைத் திட்டிக்கொண்டாவது படுத்திருப்பேன்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பெருசாகப் பெருசாகக் கூடும் என்ற சொல் மட்டும் எனக்குள் நின்றது. இலையில் பொதிந்து நான் கொண்டு போன வயிற்றுச் சதை கண் முன்னால் வந்தது. லூர்து மூக்கைப் பொத்திக்கொண்டு முழுங்கினதும் வந்தது. சேசுவே, என்ன காரியம் செய்துவிட்டேன்!

ஸ்டெல்லா மருந்து வாங்கப் போயிருந்தாள். அவளைக் கேட்கவில்லை, டாக்டரைக் கேட்கவில்லை. போனை எடுத்தேன்.

"ஏளா லூர்து, பிள்ளைக்குப் பால் குடுத்தியா?"

"இப்பத்தாண்ணே குடிச்சிட்டு ஒறங்குதா."

"இனிமே குடுக்காத."

"ஏண்ணே?"

"கேள்வி கேக்காத. ஒன் பால்ல வெசம் இருக்கு. டின் பவுடர் வாங்கிக் கரைச்சிக் குடு."

"சரிண்ணே" என்றாள். பெற்று இரண்டு மாதம் ஆன ஒருத்தியிடம் உன் பாலில் விஷம் இருக்கிறது என்று சொன்ன வாய் இது. அன்று நாக்கு கொஞ்சமும் இழுக்கவில்லை, சுத்தமாகப் பேசினேன்.

அவள் அப்படியே செய்தாள். புட்டிப்பால் பிள்ளைக்குச் சேரவில்லை. வயிற்றோட்டம் பிடித்துக்கொண்டது. கண் குழிந்து, உச்சி அமுங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் பிள்ளையை இதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழே குழந்தைகள் வார்டில் அதன் கையில் ஊசி ஏற்றி மருந்துத் தண்ணீர் ஏறியது. லூர்துக்குப் பால் கட்டிக் காய்ச்சல். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டெல்லா இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வந்ததைப் பார்த்து நான்தான் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினேன்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மாவே வந்துவிட்டார். அதுவரை அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, யாரக் கேட்டுப் பால நிறுத்தச் சொன்னிய?"

"நீங்கதானம்மா சொன்னிய, சுறா வெசம்னு..."

"சுறாவ நிறுத்தணும்னு சொன்னேன். தாய்ப்பால நிறுத்தச் சொன்னேனா? பால்ல கொஞ்சம்தான் போகும். அந்தப் பால்தான் பிள்ளைக்கு நோய் வராமக் காக்குறது. சுறாத் திங்கிறத விட்டாலே போதும், நாளாவட்டத்துல அது தானா எறங்கிரும்."

"அப்ப பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா?" என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பால்ல போறது கொஞ்சம்தான். வயித்துல இருக்கும்போது கொடி வழியாத்தான் கூடுதலாப் போகும். மூளை வளர்ற நேரம் அது. சோதிச்சுப் பாத்துருவோம், இப்பவே மனச விட்டுராதிய."

எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் நான் ஏழாம் மாதத்திலிருந்தே ஊட்டியவன். வழக்கப்படி பிள்ளை பிறந்த பிறகு மட்டும் போட்டிருந்தால்கூட இவ்வளவு இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார், நான் அழுவது வார்டுக்குக் கேட்காமல் இருக்க. நல்ல மனுஷன்.

பிள்ளை தேறியது. மறுபடி பால் குடிக்கப் பழக்குவதற்குள் லூர்து பட்ட பாடு பெரிய பாடு. புட்டியில் பழகின பிள்ளை மார்பைத் தள்ளியது. நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கட்டின பாலைப் பீய்ச்சி, சங்கால் ஊட்டி, திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்து, ஒருவழியாகக் குடிக்கத் தொடங்கிற்று.

எனக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். உடம்பில் இருக்கிற உலோகத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகுமாம். டப்பாவைத் திறந்தால் அழுகின முட்டை வாசம், அந்தக் கறுப்புச் சேற்று வாசமேதான். மூக்கைப் பொத்திக்கொண்டு முழுங்கினேன். முழுங்கும்போதெல்லாம் லூர்துவின் நினைப்பு வந்தது.

அவளுடைய முடியைச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. முடியா என்று வியந்தோம். பாதரசம் முடியில் ஏறுமாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய சுண்டுவிரல் அகலம் வளர்கிறது. வேர்ப் பக்கம் போன மாதம் சாப்பிட்டது, நுனிப் பக்கம் போனால் பழைய மாதங்களில் சாப்பிட்டது. பின்கழுத்தில் ஒரு கொத்தை அடியோடு வெட்டி, வேர்ப் பக்கம் எது என்று தெரிய நூல் கட்டி எடுத்துக்கொண்டார். ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே கடலடிச் சேற்றை டப்பா டப்பாவாக அள்ளி வைத்து, அதில் என்னென்ன உலோகம் படிந்திருக்கிறது என்று பார்க்கிறார்களாம். கடல் சேற்றுக்குப் பக்கத்தில் என் தங்கச்சி முடியும் போய் உட்கார்ந்தது.

முடிவு வந்ததும் எங்களைக் கூப்பிட்டார். லூர்து பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். டாக்டரம்மா காகிதத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். "இது நுனிப் பக்கம், பழைய மாசம். பாதரசம் ரொம்பக் கொறச்சல். இங்கேருந்து விறுவிறுன்னு ஏறுது. இப்பக் கடைசியா கொஞ்சம் எறங்குது, சுறாவ நிறுத்துன பெறவு. இந்த ஏறுற எடத்துல என்ன மாறிச்சு?"

கணக்குப் போடத் தேவையே இல்லை. "எங்க வீட்டுக்கு வந்தா" என்றேன்.

கீழவைப்பாரில் அவள் மாமியார் சாளையும் நெத்திலியுமாகப் பொங்கிப் போட்டார். "என் தங்கச்சிய நெத்திலி போட்டே நெத்திலி ஆக்கிட்டாவ" என்று நான் போகிற இடமெல்லாம் அந்தம்மாவைக் கேலி செய்திருக்கிறேன். அந்தம்மா வீட்டில் இருந்தவரை அவள் முடி சுத்தமாக இருந்தது.

"பிடிக்காம எப்படிம்மா தெனமும் சாப்பிட்டிய?" என்று டாக்டரம்மா கேட்டார். லூர்துக்குச் சுறா பிடிக்காது என்று ஸ்டெல்லா முன்பே சொல்லியிருப்பாள் போல.

லூர்து தலை நிமிராமல் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள். "யாரு சொன்னா பிடிக்காதுன்னு? எனக்குச் சுறான்னா உசுரு டாக்டர். நான்தான் கேட்டுக் கேட்டுத் தின்னேன். அண்ணன் பாவம், கேட்டா வாங்கித் தரும்."

பச்சைப் பொய். குமட்டிக்கொண்டு அவள் குசினி வாசலில் நின்றது எனக்குத் தெரியாதா? என்னை நாலு ஏசு ஏசியிருக்கலாம். மைக்கேலாவது ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். குவைத்திலிருந்து பேசியவன், "மச்சான், மொதல்ல ஒங்க ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னான். ஒருத்தர்கூட என்னைத் திட்டாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆக்னஸின் ரத்தத்தில் இருக்க வேண்டியதை விடக் கூடுதலாக இருந்தது. "பயப்படுற அளவு இல்ல, ஆனா ஒண்ணுமில்லன்னும் நான் இப்ப சொல்ல மாட்டேன். வளர வளரத்தான் தெரியும். கழுத்து நிக்கிதா, கண்ணு நம்ம பின்னாலயே வருதா, சத்தத்துக்குத் திரும்புதா, கைய நீட்டிப் பொருளப் புடிக்கிதா, எல்லாத்தையும் பாருங்க. நடக்குற வரைக்கும் பேசுற வரைக்கும் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றே வேலை. சாவிக்கொத்தைப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் போய் ஆட்டுவேன். திரும்பினால் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சொல்வேன். திரும்பாவிட்டால் அன்று சோறு இறங்காது. "அது ஒறங்குதுங்க, ஒறங்குற பிள்ள எப்படித் திரும்பும்? கோட்டியா ஒங்களுக்கு?" என்பாள் ஸ்டெல்லா. சிவப்புத் துணியைக் கண் முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோவேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்கும். அதற்கென்ன தெரியும், மாமன் சோதனை செய்கிறான் என்று?

நான் அவளைத் தூக்குவதில்லை. கை நடுங்குகிறது, கீழே போட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டேன். நடுக்கம் அவ்வளவு இல்லை. தூக்க மனம் கூசியது, அதுதான் உண்மை. காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு வேர்த்தது.

துறைமுகத்துக்குத் திரும்பப் போனேன். இப்போது சாளை, காரல் என்று சின்ன மீன்தான் எடுக்கிறேன். "சிங்கம் பூனையாயிட்டு" என்று சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். போன மாதம் எங்கள் தெரு அமலோற்பவம் அக்கா வந்தார். மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள். "சூசை, ஒன் தங்கச்சிக்குப் போட்டியே, அது மாதிரி நல்ல பெரிய சுறாவாப் பாத்து எடுத்துக் குடுய்யா" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சாளையை அள்ளிக் கொடுத்தேன். "ஒனக்கு நோக்காடு வந்தா ஊருக்கே வருமாக்கும்? எங்கம்மைக்குப் போட்டு எனக்குப் போட்டு நாங்க என்ன செத்தா போனோம்?" என்று ஏசிவிட்டு, என் கண் முன்னாலேயே அடுத்தவரிடம் பெரிய துண்டாக வாங்கிக்கொண்டு போனார். நான் விடவில்லை. கால் இன்னும் அகலமாகத்தான் போகிறது, ஆனாலும் அவர் பின்னாலேயே நடந்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டு, "எம்மா, சாளை தின்னு, நெத்திலி தின்னு, பால் நல்லா ஊறும். அந்தப் பெரிய சுறா மட்டும் வேண்டாம். பிள்ளைக்குப் பாலும் நிறுத்தாத" என்றேன். எந்தத் தெருவுக்கும் கேட்கிற குரல்தானே, முழுத் தெருவும் கேட்டது. அக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை. அந்தப் பெண் தின்றாளா இல்லையா தெரியாது.

நேற்று மத்தியானம் லூர்து பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நாளில் கீழவைப்பாருக்குத் திரும்பப் போகிறாள். நான் வழக்கம்போலப் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து சாவிக்கொத்தை ஒரு பக்கமாக ஆட்டி, அதன் கண் பின்னாலேயே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றக் கையைப் பாயில் ஊன்றியிருந்தேன். கண் வந்தது. நன்றாகவே வந்தது.

"அண்ணே" என்றாள் லூர்து. "சாவிய விடு. கீழ பாரு."

"என்னளா?"

"ஒன் வெரலப் புடிச்சிருக்கா. தெரியலையா?"

குனிந்து பார்த்தேன். ஆக்னஸ் பக்கவாட்டில் கையை நீட்டி, பாயில் ஊன்றியிருந்த என் சுட்டுவிரலைத் தன் ஐந்து விரலாலும் சுற்றிப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாளோ. என் விரலுக்குத் தெரியவே இல்லை.

அசையாமல் இருந்தேன். "நல்லாப் புடிச்சிருக்காளா, இல்ல சும்மா வச்சிருக்காளா? எனக்குத் தெரியல. நீ வெரலக் குடுத்துப் பாத்துச் சொல்லு" என்றேன்.

லூர்து வந்து குந்தினாள். என் விரலை மெதுவாக உருவிவிட்டுத் தன் விரலை அந்தக் கைக்குள் நுழைத்தாள்.

"யம்மாடி! வலிக்குதுண்ணே, அவ்ளோ இறுக்கம்."

சுறா என்றால் உசுரு என்று சொன்ன அதே வாய். எனக்காக எதையும் சொல்லக்கூடியவள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அந்த விரலைத் திருப்பிப் பார்த்தேன். சுற்றிலும் சிவந்திருந்தது.